சுடலைமுத்து, சிற்றூழியர், பொது நூலகம்

அப்பா இறந்து பத்தொன்பது நாள் ஆகிறது. பத்திரிகை அறிவித்தலில் அவரை ‘ஓய்வுபெற்ற நூலக ஊழியர்’ என்று போட்டோம். அது உண்மை இல்லை. அவர் ஓய்வு பெறவில்லை. 1997 நவம்பர் 14, வெள்ளிக்கிழமை, பகல் பதினொன்றரைக்கு அவரை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அந்த வேலைக்கு அவர் பிறகு திரும்பவில்லை. அறிவித்தலில் இதற்கெல்லாம் இடம் கிடையாது. இங்கே எழுதுகிறேன்.

பெயர் சுடலைமுத்து. ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். பதினேழு வயதில் கொழும்புக்கு வந்தார். கிராண்ட்பாஸில் ஓர் அறையும் சமைக்க அரைக் குசினியுமாக ஒரு வீடு. கடைசிவரை அதுதான். கொட்டாஞ்சேனையில் ஒரு சிறிய பொது நூலகத்தில் சிற்றூழியராக இருந்தார். கதவு திறப்பது, கூட்டுவது, பத்திரிகைகளைக் கட்டையில் செருகுவது, திரும்பி வந்த புத்தகங்களை அடுக்குவது. நியமனக் கடிதத்தில் இருந்த வேலை அவ்வளவுதான்.

செய்த வேலை அதைவிட அதிகம். எங்கள் வீட்டைப் போன்ற வீடுகளில் ஓர் அறையில் ஆறேழு பேர் படுப்போம். புத்தகத்தை விரிக்க இடம் இருக்காது. துறைமுகத்தில் மூட்டை தூக்குபவரின் மகளும், மட்டக்குளியில் மீன் விற்பவரின் மகனும், நானும் உயர்தரப் பரீட்சைக்குப் படித்தது அந்த நூலகத்தின் பின் மேசையில். அங்கிருந்த குழல் விளக்கு விட்டுவிட்டு எரியும். ஸ்டார்ட்டரைக் கழற்றித் திருப்பிப் போட அங்கேதான் பழகினேன். இன்று கட்டடங்களுக்கு மின்னிணைப்புப் போடும் கம்பனி ஒன்றில் மேற்பார்வையாளன்.

மீரா சாஹிப் என்று ஒருவர் தினமும் வருவார். தையல் கடைகளுக்குப் பொத்தான் விற்பவர். திறக்கும் நேரத்துக்கே வந்து அப்பாவோடு சண்டை பிடிப்பார்.

“சுடல, பேப்பர ஏன் கட்டையில கட்டி வெச்சீக்கிறாய்? இதென்ன ஆடா?”

“அவுத்து விட்டா ஒங்க வீட்டுக்குப் போயிருது நானா.”

தொண்ணூறுகளில் போருக்குத் தப்பி வடக்கிலிருந்து வந்தவர்களால் லொட்ஜுகள் நிரம்பின. சில லொட்ஜுகளில் காலை எட்டு மணிக்குமேல் அறையில் இருக்க விடமாட்டார்கள். தெருவில் நின்றால் பொலிஸ் பிடிக்கும். அந்த ஆட்கள் நூலகத்துக்கு வந்தார்கள். கூரையும், குடிக்கத் தண்ணீரும், ஏன் நிற்கிறாய் என்று கேட்காத ஒரு மனிதரும் அங்கே இருந்தார்கள். அவர்கள் கொடுக்க வேண்டிய பொலிஸ் பதிவுப் படிவம் சிங்களத்தில் இருக்கும். அப்பா மத்தியானச் சாப்பாட்டை ஒரு பக்கம் வைத்துவிட்டு நிரப்பிக் கொடுப்பார். அவர் படித்தது ஆறாம் வகுப்பு. மூன்று மொழியும் அந்த நூலகத்தில் கற்றுக்கொண்டதுதான்.

அவர்களுக்கு இல்லாமல் போன இன்னொன்று விலாசம். மாதத்துக்கு ஒரு லொட்ஜ் மாறுபவருக்குக் கனடாவிலிருந்து மகன் எங்கே எழுதுவான்? நூலகத்துக்கு எழுதச் சொன்னார் அப்பா. தபால்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. அங்கே வேலை செய்யாத ஆட்களின் பெயருக்கு வரும் கடிதத்தைப் போட முடியாது என்றார். அதற்கும் அப்பா வழி கண்டார். வெளி உறையில் ‘சுடலைமுத்து, சிற்றூழியர், பொது நூலகம்’ என்று மட்டும் எழுத வேண்டும். உள்ளே இன்னோர் உறை. அதில் உரியவர் பெயர்.

உள் உறையை அகராதிக்குள் வைப்பார். வெளியே இரவல் கொடுக்காத தடித்த தமிழ் அகராதி அது. உரியவர் பெயரின் முதல் எழுத்து எந்தப் பக்கத்தில் தொடங்குகிறதோ அந்தப் பக்கத்தில் கடிதம் இருக்கும். யாரும் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. வருவார்கள், அகராதியைத் திறப்பார்கள், மூடிவிட்டுப் போவார்கள். வெளி உறைகளை அப்பா எறியமாட்டார். பின் மேசைப் பிள்ளைகள் முத்திரை சேர்த்தார்கள். அவர்களுக்காக மேசை லாச்சியில் போட்டு வைப்பார்.

தலைமை நூலகர் தியாகராசா ஐயாவுக்குத் தெரியும். “சுடலைமுத்து, இந்த அகராதியப் போல சனம் விழுந்து விழுந்து வாசிக்கிற புத்தகம் இலங்கையிலயே இல்லை” என்பார். அதற்குமேல் ஒன்றும் கேட்கமாட்டார்.

கனகேஸ்வரி அம்மா ஒவ்வொரு சனிக்கிழமையும் வெள்ளவத்தையிலிருந்து பஸ் எடுத்து வருவார். முதலில் கொட்டாஞ்சேனை லொட்ஜ் ஒன்றில் இருந்தவர். பிறகு நான்கு இடம் மாறினார். மகன் கனடாவில், ஸ்காபரோவில்.

“அண்ணை, என்ர எழுத்தில ஏதும் கிடக்கோ?”

“பாருங்கம்மா. நேத்தே ஒன்னு வந்து ஒக்காந்திருக்கு.”

நின்றபடியே வாசிப்பார். அழுதால் அப்பா விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விடுவார்.

நான் அப்பாவை எச்சரித்தேன். “அப்பா, வெளிநாட்டுக் கடிதம் எல்லாம் உங்க பேருக்கு வருது. நாளைக்கு யாராவது கேட்டா?”

“கேட்டா சொல்லுவேன், இது இன்னாரோட கடுதாசின்னு. அவங்க வந்து ஆமான்னு ஒரு வார்த்த சொல்லுவாங்க. இதுல என்னப்பா இருக்கு?”

அவர் நம்பியிருந்தது அந்த ஒரு வார்த்தையை.

அந்த ஒக்டோபரில் நகரில் குண்டு வெடித்தது. சுற்றிவளைப்புகள் தொடங்கின. நவம்பர் 14 அன்று பொலிஸார் நூலகத்தைச் சோதனை போட்டார்கள். ஒருவன் அகராதியை முதுகைப் பிடித்துக் கவிழ்த்து உதறினான். நான்கு கடிதங்கள் விழுந்தன. லாச்சியில் அறுபத்துமூன்று வெளி உறைகள். கனடா, சுவிஸ், ஜேர்மனி. எல்லாவற்றிலும் ஒரே பெயர்.

“மே அய கோ?” என்று சிங்களத்தில் கேட்டிருக்கிறார்கள். இந்த ஆட்கள் எங்கே? அப்பா நான்கு பேருடைய பெயரையும் சொன்னார். இருப்பிடம் அவருக்குத் தெரியாது. இருப்பிடம் இல்லாதபடியால்தானே அங்கே கடிதம் வந்தது. அதை எந்த மொழியில் சொன்னாலும் அங்கே எடுபடவில்லை. அப்படி நான்கு பேர் இல்லை, பெயர்கள் கட்டுக்கதை, எல்லாக் கடிதமும் இவனுக்குத்தான் என்று எழுதிக்கொண்டார்கள்.

மூன்றாம் நாள் பொலிஸ் பொறுப்பதிகாரி என்னிடம் பேசினார். மரியாதையாகத்தான் பேசினார். நான்கு பேரில் ஒருவரைக் கூட்டிவா. முடியாவிட்டால், கடிதம் தன்னுடையது என்று ஒரு சத்தியக் கடதாசி கொண்டுவா. ஒன்று போதும், உன் அப்பாவை விடுகிறேன் என்றார்.

பொலிஸ் நிலையத்துக்கு முதலில் போனவர் மீரா சாஹிப். யாரும் கேட்கவில்லை. தானாகப் போனார்.

“உன் கடிதம் இருக்கிறதா இதில்?”

“இல்ல சேர். எனக்கு எழுத ஒத்தருமில்ல. அந்த அகராதிய நான் தினமும் பாத்தீக்கிறேன். அதச் செல்ல வந்தேன்.”

இரண்டு மணி நேரம் நிற்க வைத்துவிட்டு அனுப்பினார்கள். அப்பாவிடம் கடிதம் வாங்கியவர்கள் நூறு பேருக்குக் குறையாது. போனவர் ஒரு கடிதமும் வாங்காத ஒருவர்.

நான்கு பேரில் ஒருவர் தானே பிடிபட்டிருந்தார். இருவர் லொட்ஜை விட்டுப் போயிருந்தார்கள். எங்கே என்று சொல்ல ஆள் இல்லை. நான்காமவரான கனகேஸ்வரி அம்மாவைப் பதினாறு நாள் தேடி, வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கத்துக் குறுகிய ஒழுங்கை ஒன்றில் கண்டுபிடித்தேன். மாடி அறை. கட்டிலில் பாதி அடுக்கிய சூட்கேஸ்.

“தம்பி, இருங்கோ. அண்ணையப் பற்றிக் கேள்விப்பட்டனான். நித்திரையில்லை எனக்கு.”

“ஒரு தடவ வந்து அது உங்க கடிதம்னு சொன்னாப் போதும்.”

“ஓம் தம்பி. ஆனா வாற பதினோராந் திகதி பிளைட். விசா கிடைக்க மூண்டு வருசம் நிண்டனான். நான் அங்க போனா என்னையும் வைச்சுக்கொண்டு மகன் ஏன் போனவன், எப்பிடிப் போனவன் எண்டு கேப்பாங்கள். விடமாட்டாங்கள்.”

“எங்க அப்பாவையும்தான் விடமாட்டேங்கிறாங்க.”

அவர் தலை குனிந்தபடி சொன்னார். “போய் இறங்கினவுடன லோயரைப் பிடிச்சு எழுதி அனுப்புறன். சத்தியமா அனுப்புவன் தம்பி.”

“அனுப்புங்க” என்று எழுந்தேன். தேத்தண்ணீர் வந்தது, குடிக்கவில்லை. எங்கள் வீட்டு விலாசத்தையும் கொடுக்கவில்லை. அவர் எழுதுவார் என்று நான் நம்பவில்லை. படியிறங்கும்போது விலாசம் நினைவுக்கு வந்தது. திரும்பி ஏறவில்லை.

டிசம்பர் கடைசியில் தியாகராசா ஐயா ஆள் அனுப்பினார். போனேன்.

“தம்பி, உங்கட அப்பாட பேருக்குக் கடிதம் இன்னும் வந்துகொண்டிருக்கு. நான் தொடமாட்டன். இங்க வைச்சிருக்கவும் ஏலாது. அவங்கள் திரும்பி வந்தால் இன்னும் பத்துச் சாட்சி.”

சரியாகத்தான் சொன்னார். ஒரு கட்டடத்தில் மின்கசிவு என்றால், காரணம் தேடுவதற்கு முன் இணைப்பைத் துண்டிக்க வேண்டும். என் தொழிலில் முதலில் சொல்லிக்கொடுப்பது அதுதான். நான்கு சனிக்கிழமை தொடர்ந்து போனேன். வரைபடத்தில் பிழை குறிக்கும் சிவப்புப் பேனாவால், பெறுநர் இங்கே இல்லை, திருப்பி அனுப்பவும் என்று ஒவ்வோர் உறையிலும் ஆங்கிலத்தில் எழுதினேன். மொத்தம் பத்தொன்பது. எதையும் திறக்கவில்லை. அடுத்தவர் கடிதத்தைத் திறக்கக் கூடாது என்பது அப்பா எனக்குச் சொல்லித்தந்தது. கடைசித் தொகுதியை அனுப்பியது ஜனவரி 24. அதன் பிறகு அந்த விலாசத்துக்கு ஒன்றும் வரவில்லை. வேலையைச் சுத்தமாக முடித்தேன் என்று நினைத்தேன்.

ஏப்ரலில் அப்பாவின் இடது காதில் அடித்தார்கள். அந்தக் காது கேட்காமல் போய்விட்டது. அம்மா மயிலம்மா கிழமைக்கு ஒருமுறை சோற்றுப் பார்சலோடு சிறைக்குப் போய் வருவார். எல்லாமாகப் பதினான்கு மாதம். குற்றச்சாட்டு எதுவும் இல்லாமல் 1999 ஜனவரியில் விட்டார்கள். பழைய வேலை திரும்பக் கிடைக்கவில்லை. நூலகத்தின் வாசலில், அடையாள அட்டையும் பொலிஸ் பதிவுத் துண்டும் இல்லாதவர்களுக்கு அனுமதி இல்லை என்று ஓர் அறிவித்தல் தொங்கியது. முன்பு நாளுக்கு நூற்றைம்பது பேர் கையெழுத்துப் போட்ட வருகைப் பதிவேட்டில் இப்போது முப்பது கையெழுத்து. லொட்ஜ் ஆட்கள் கோயில் மதில் நிழலில் நின்றார்கள். அங்கே வைத்து ஏற்றிக்கொண்டு போனார்கள். பின் மேசையை எடுத்துவிட்டார்கள். முதுகு கிழிந்த அகராதியைக் கழிவில் சேர்த்தார்கள். தியாகராசா ஐயா அதை அப்பாவிடம் கொடுத்தார். அப்பாவுக்குக் கிடைத்த பிரியாவிடைப் பரிசு அதுதான்.

வீட்டில் அப்பா அடிக்கடி ஒன்றைச் சொல்வார். “அந்தம்மா எழுதியிருக்கும்.”

“எழுதலப்பா. போய்ச் சேந்தவங்களுக்கு நீங்க யாரு?”

“இல்ல பழனி. எழுதியிருக்கும். வழியில எங்கயோ நின்னுருச்சு.”

நான்கு வருடம் இதைக் கேட்டேன். 2003இல், போர் நின்றிருந்த சமாதானக் காலத்தில், திடீரென்று நிறுத்திவிட்டார். கடைசியில் அவருக்கும் புரிந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டேன். அந்த நாட்களில் ஒருமுறை, “ஒங்கிட்ட அந்தச் செவப்புப் பேனா இன்னும் இருக்கா?” என்று கேட்டார். இருக்கிறது, ஏன் என்றேன். “சும்மாதான்” என்றார்.

இந்த மாதம் போய்விட்டார். நெஞ்சு வலி, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில். செத்த வீட்டுக்கு முப்பது நாற்பது பேர் வந்தார்கள். கடிதம் வாங்கியவர்கள் யாரும் இல்லை. நேற்று முன்தினம் மீரா சாஹிப் வந்தார். இப்போது தடி ஊன்றித்தான் நடக்கிறார். தேத்தண்ணீர் குடித்து முடித்துவிட்டுச் சொன்னார்.

“அந்தக் கனடா அம்மா வந்தா தம்பி. சமாதானம் வந்த நேரம். நூலகத்துக்குப் போய் ஒங்கட வாப்பாவத் தேடீக்கிறா. நான்தான் இங்க கூட்டி வந்தேன். ஒரு கடிதம் கொடுத்தா. வாப்பா அத வாங்கிப் பாத்தார். மவனுக்குச் செல்ல வாணாம் நானான்னு என்னெய சத்தியம் பண்ண வெச்சார். அவரு இருக்கும் வரைக்கும்தானே சத்தியம்.”

“எங்க அந்தக் கடிதம்?”

“ஒங்கட வாப்பா கடிதத்த எங்க வெப்பாரு?”

அவர் போனபின் அகராதியைக் கீழே இறக்கினேன். கனகேஸ்வரி என்பதால் ‘க’ பார்த்தேன். இல்லை. சுடலைமுத்து என்பதால் ‘சு’ பார்த்தேன். அங்கும் இல்லை. என் பெயர் பழனிமுத்து. ‘ப’ தொடங்கும் பக்கத்தில் இருந்தது.

வெளி உறையில் அப்பாவின் பெயர், நூலகத்தின் விலாசம். குறுக்கே சிவப்பு மையில், வரைபடங்களில் எழுதும் அதே பெரிய எழுத்துகளில், என் கையெழுத்து. உள்ளே சட்டத்தரணி முத்திரையோடு ஒரு சத்தியக் கடதாசி. திகதி 1998 ஜனவரி 5. அதோடு ஒரு துண்டு: ‘அண்ணை, எனக்குத் தெரிந்த விலாசம் இது ஒன்றுதான். தம்பியின் கையில் சேரும் என்று நம்புகிறேன்.’

அந்தக் கடதாசியைக் கொண்டுபோயிருந்தால் விட்டிருப்பார்களா என்று எனக்குத் தெரியாது. இனிச் சோதித்துப் பார்க்க வழியில்லை. ஜனவரி 24க்கும் அப்பாவின் காதில் அடித்த அந்த ஏப்ரலுக்கும் இடையில் இரண்டு மாதத்துக்கு மேல் இருந்தது. அது மட்டும் தெரியும்.

அம்மா குசினியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

“என்னப்பா கடுதாசி அது?”

“எனக்கு வந்ததும்மா” என்றேன்.