மத்தியானத்தில் சாகும் போன்

கொஞ்ச நாளாக என் போன் மத்தியானத்துக்குள் செத்துவிடும். துபாயிலிருக்கும் மகள் சாப்பாட்டு வேளையில் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்ப்பாள். “நான் கூப்புடுவேன்னுதான் அணைச்சுப் போடுதியளாப்பா?” என்று ஒருநாள் அழுதேவிட்டாள்.

பேட்டைப் பட்டறையில் என்னோடு வேலைபார்க்கும் சுடலைதான் ரொம்ப வருத்தப்பட்டான். “பேட்டரிக்குச் சீக்கு வே. பைய வைத்தியம் பாரும்.”

பார்த்தேன். போனை அணைத்துவிட்டு, சார்ஜர் துளையில் அடைந்திருந்த பஞ்சைப் பல்குத்தும் குச்சியால் எடுத்தேன். தலையணைமேல் வைத்துச் சார்ஜ் போடுவதை விட்டேன். திரை வெளிச்சத்தைக் குறைத்ததில் கூப்பிடுவது யாரென்று தெரியாமல், மகளென்று நினைத்து சிலிண்டர் போடும் கேஸ்காரரிடம் “சாப்பிட்டியா தங்கம்?” என்றேன்.

கடைசியில் ஒருநாள் காலை, பட்டறையில் வைத்து செட்டிங்ஸில் பேட்டரிப் பக்கத்தைத் திறந்தேன். முக்கால்வாசியை, என் நெட்டை அடுத்த போனுக்குக் கொடுக்கும் ஹாட்ஸ்பாட் தின்றிருந்தது. என்றோ ஓர் அவசரத்துக்குச் சுடலைக்காகப் போட்டது. அணைக்க மறந்த புத்திசாலி நான். இப்போது அணைத்தேன். உடனே சுவருக்கு அந்தப்பக்கம் சாப்பிட்டுக்கொண்டிருந்த சுடலை கத்தினான்:

“ஏ வே, உம்ம போன் அதுக்குள்ள செத்துட்டா? படம் பாதியில நின்னுட்டு!”

 நெட்டு கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். என் பேட்டரிக்காக அவன் பட்ட வருத்தம்தான் இன்னும் செரிக்கவில்லை.