சந்தனப் பொட்டு வைத்த ரேடியேட்டர் ஹோஸ்: மரக்காணம் வழியாகப் பாண்டிச்சேரி

பழைய காரில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகத் திட்டமிடுபவர்கள் இதைப் படித்துவிட்டுக் கிளம்பலாம். நான் போனது 2005 ஜூனில். ஊர் சுற்ற அல்ல. பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் அண்ணனுக்கு இதய ஆபரேஷன், காலை பத்து மணிக்கு. ஒரு சின்னச் சண்டையில் இரண்டு வருடம் பேசாமல் இருந்தவர்கள் நாங்கள். "உள்ள கூட்டிட்டுப் போறதுக்கு முன்னாடி உன் மூஞ்சிய ஒரு வாட்டி பாத்துடணும்டா" என்று முந்தின நாள் போனில் சொன்னான்.

வண்டி 1986 மாடல். திருவான்மியூரில் 5.45-க்குக் கிளம்பினேன். அங்கிருந்து மரக்காணம் சுமார் 110 கிலோமீட்டர், அதற்குமேல் பாண்டி 35. டீ குடிக்கக்கூட நிறுத்தவில்லை. 8.15-க்கு, மரக்காணம் தாண்டி உப்பளங்களுக்கு நடுவே, டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொட்டது. பானட்டிலிருந்து ஆவி கிளம்பியது.

ரேடியேட்டரின் மேல் ஹோஸ் வெடித்திருந்தது. போன வருடமே என் மெக்கானிக் அதை அமுக்கிக் காட்டி, "ரப்பர் செத்துப் போச்சு சார், மாத்திடலாம்" என்றார். ஒழுகும்போது பார்த்துக்கொள்ளலாம் என்றேன். ஆனால் ஆயுத பூஜைக்கு மட்டும் தவறாமல் பானட்டைத் திறந்து பேட்டரி, ஹோஸ் எல்லாவற்றுக்கும் சந்தனம் வைப்பேன். வெடிப்பு அந்தக் காய்ந்த பொட்டின் ஊடாகவே ஓடியிருந்தது. பொட்டு வைத்த அதே விரலால் கொஞ்சம் அமுக்கிப் பார்த்திருக்கலாம்.

பாட்டிலோடு பாத்தி ஓரக் கால்வாயில் இறங்கினேன். உப்பு வாரிக்கொண்டிருந்த அந்தோணி என்பவர் ஓடி வந்து தடுத்தார். "அத ஊத்தாதீங்க சார், எல்லாம் உப்பு. இஞ்சின் போயிடும்." தாங்கள் குடிக்க ஊரிலிருந்து கொண்டுவந்த தண்ணீர் கேனை எடுத்து வந்தார். விஷயத்தைச் சொன்னேன். "அப்ப பஸ்ஸ புடிச்சி போங்க சார். வண்டிய நான் பாத்துக்குறேன்."

அதற்குள் இரண்டு பாண்டி பஸ்கள் தாண்டிப் போயின. பத்து நிமிஷ வேலைதானே என்று நினைத்தேன். வண்டியை நடுவழியில் விட்டுப் போக மனம் வரவில்லை. அந்தப் பிடிவாதத்தை நினைத்தால் இன்றும் என்னையே அறையத் தோன்றுகிறது.

இஞ்சின் ஆறவே முக்கால் மணி நேரம் ஆனது. அந்தோணி சைக்கிள் டியூபைக் கிழித்து ஹோஸில் இறுக்கிச் சுற்றிக் கொடுத்தார். நாற்பதுக்கு மேல் ஓட்டப் பயந்து, 10.40-க்கு ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தேன்.

அண்ணி வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். "வாசலையே பாத்துட்டு இருந்தாரு தம்பி. டாக்டர்கிட்ட அஞ்சு நிமிஷம் டைம் கேட்டாரு" என்றார். அண்ணன் அதன்பிறகு கண் திறக்கவில்லை. மூன்றாம் நாள் போய்விட்டான்.

போகிறவர்களுக்கு: மேல் ஹோஸ், கீழ் ஹோஸ், ஃபேன் பெல்ட் மூன்றையும், பார்க்க நன்றாக இருந்தாலும், நான்கு வருடத்துக்கொரு முறை மாற்றிவிடுங்கள். காலையில் இஞ்சின் சூடாகும் முன் ஹோஸை அமுக்கிப் பாருங்கள். விறைத்திருந்தாலும் கொழகொழவென்று இருந்தாலும் அதன் ஆயுள் முடிந்தது. பிறகு நான் வாங்கிய ஹோஸ் 90 ரூபாய், மாட்ட அரை மணி நேரம். ஐந்து லிட்டர் நல்ல தண்ணீர் வண்டியில் இருக்கட்டும். ஆளுக்கு அவசரம் என்றால் வண்டியை விட்டுவிட்டு பஸ்ஸில் ஏறுங்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து திரும்பும்போது, இரண்டு கேன் தண்ணீரோடு அதே இடத்தில் நிறுத்தினேன். அந்தோணி வாங்கிக்கொண்டு, "அன்னிக்கு அண்ணனப் பாத்தீங்களா சார்?" என்று கேட்டார்.

"பாத்தேங்க" என்றேன்.