காட்டிலே ஒரு சொந்தக்காரன்

நேசமலர் ரீச்சர் இருபத்தெட்டு வருடம் கனடாவின் ஊசியிலைக் காட்டைக் கரும்பலகையில் வரைந்தவர். பச்சைச் சோக்கால் மரம், வெள்ளைச் சோக்கால் பனி, கையில் எந்தச் சோக் அகப்பட்டதோ அதால் ஒரு கரடி. ஒருநாள் பின்வாங்கிலிருந்து ஒரு பிள்ளை எழும்பி, ரீச்சர் அதை நேரில் பார்த்திருக்கிறாவோ என்று கேட்டுவிட்டது. படத்தில் பார்த்ததாகச் சொல்லிச் சமாளித்தார். அந்தக் கேள்வி அவரோடு சேர்ந்து ஓய்வுபெற்று, கொழும்பு வெள்ளவத்தை வீட்டுக்கும் வந்து குடியிருந்தது. இப்போது அறுபத்திரண்டு வயதில் விசா கிடைத்திருக்கிறது. அந்தக் காட்டில் ஒரு மரத்தையாவது தொட்டுப் பார்க்காமல் திரும்புவதில்லை என்பது அவர் முடிவு.

முடிவு அவருடையது, பயணத்திட்டம் போட்டது வேறு ஆள். ரொறன்ரோவின் ஸ்காபரோவிலிருக்கும் மகன் ராகுலன் இருபத்தொரு நாளையும் பங்குபோட்டு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தான். பெரிய மாமி வீட்டில் நான்கு நாள். அதைக் கேள்விப்பட்ட சின்ன மாமி வீட்டிலும் நான்கு நாள். இரண்டு பிறந்தநாள், வயதுக்கு வந்த பிள்ளை ஒன்றின் சாமத்தியவீடு, கோயில் எத்தனையென்று எண்ணவில்லை. காட்டுக்கும் அரைநாள் ஒதுக்கியிருந்தான். கரடி பார்க்கத்தானே, மிருகக்காட்சிச்சாலை வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது என்று குறிப்பும் போட்டிருந்தான். ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் புவியியல் படிப்பித்துவிட்டுப் பெற்ற பிள்ளையைக் கோட்டை விட்டோமே என்று ரீச்சருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஊசியிலைக் காடுள்ள றொக்கி மலைப் பக்கம் போய் ஒரு கிழமை, ஏழு நாளும் ஹோட்டலில் தங்கலாம் என்று கணவர் சண்முகலிங்கத்திடம் சொல்லிப் பார்த்தார். மனிசன் கேட்கக்கூடாததைக் கேட்டவர்போலப் பேப்பரை மடித்து வைத்தார்.

"சொந்தக்காரர் இல்லாத ஊருக்கு என்னெண்டு போறது?"

அவருக்கு இது எழுதாத சட்டம். எத்தனையோ தரம் யாழ்ப்பாணம் போய்வந்தும் வழியில் அனுராதபுரத்தில் ஒருநாளும் இறங்கியதில்லை. அங்கே ஒரு சித்தப்பாகூட இல்லையாம். நம்மவர்கள் உலகம் சுற்றிப் பார்ப்பதில்லை; ஒரு சொந்தக்காரர் வீட்டு சோபாவிலிருந்து எழும்பி இன்னொரு சொந்தக்காரர் வீட்டு சோபாவில் போய் இருக்கிறார்கள்.

ரீச்சர் வாதாடவில்லை. காட்டிலேயே ஒரு சொந்தக்காரனைக் கண்டுபிடிப்பதென்று இறங்கினார். நம்மவர் இல்லாத இடமா? கிருலப்பனையில், பாமன்கடையில், சந்தையில் மீனை வெட்டக் கொடுத்துவிட்டு நிற்கும்போது என்று கண்டவரிடமெல்லாம் விசாரித்தார். கடைசியில் கொட்டாஞ்சேனையிலிருந்து பழைய சிநேகிதி மெற்றில்டா ரீச்சர் போன் எடுத்தார். முன்பு தன் பக்கத்து வீட்டிலிருந்த தவநேசன் றொக்கி மலையடிவாரத்தில் பெற்றோல் ஷெட் நடத்துகிறானாம். குப்பைத்தொட்டிக்குக் கரடி வருமாம். நம்பரும் தன்னிடம் இருக்கிறதாம்.

ரீச்சருக்குச் சந்தோஷமும் சங்கடமும் ஒன்றாக வந்தன. தவநேசன் சண்முகலிங்கத்தின் சித்தப்பா மகன். பதினெட்டு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. மகள் சுபோதினியின் கலியாணத்துக்கு எல்லா வீட்டுக்கும் நேரில் போய்ச் சொல்லிக் கார்ட் கொடுத்தவர்கள், கொட்டாஞ்சேனையிலிருந்த தவநேசனுக்கு மட்டும் தபாலில் அனுப்பினார்கள். வெள்ளவத்தையில் பஸ் ஏறினால் போய்விடலாம். அன்றைக்கு மழை என்று சண்முகலிங்கம் இன்றுவரை சொல்கிறார். அண்ணன் வாசல் மிதித்துச் சொல்லாத கலியாணத்துக்கு எந்த மானஸ்தன் போவான்? தவநேசன் வரவில்லை. அடுத்த வருடம் ஒரு சொல்லும் சொல்லாமல் கனடாவுக்குப் போய்விட்டான்.

அந்தக் கார்ட்டைத் தபால்பெட்டியில் போட்டது ரீச்சர்தான். போடும்போதே பிழையென்று அவருக்குத் தெரியும். கலியாண வேலைகள் தலைக்கு மேல் கிடந்தன. பேசாமல் போட்டுவிட்டு வந்தார்.

மறுநாள் விடியவே, அங்கே பொழுதுபடும் நேரம் பார்த்துப் போன் எடுத்தார். சண்முகலிங்கம் பேப்பருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். நெடுநேரமாக ஒரு பக்கமும் புரளவில்லை.

"தம்பி, நான் நேசமலர் அண்ணி."

காடு பார்க்க ஆசை, ஒரு கிழமை தங்க இடம் வேண்டும் என்று பாடம் ஒப்புவிக்கும் பிள்ளைபோல் ரீச்சர் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். கார்ட் விசயத்தில் பிழை தங்களுடையதுதான் என்றும் சொன்னார்.

"எங்கட ஆக்கள் ஒருத்தரும் இஞ்சால வாறேல்லை அண்ணி. எல்லாரும் ரொறன்ரோவோட நிண்டிட்டுப் போயிடுவினம்," என்றான் தவநேசன். பிறகு, "நீங்கள் நேர வாறியள்தானே? போஸ்ட்டில இல்லையே?" என்று கேட்டான்.

ரீச்சர் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்.

"நேரதான் வாறம். உங்கட அண்ணையும் வாறார்."

பேப்பர் மெல்ல இறங்கியது. சண்முகலிங்கம் கையை நீட்டிப் போனை வாங்கினார். பதினெட்டு வருடத்துக்குப் பிறகு தம்பியோடு என்ன கதைப்பதென்று தெரியாமல், அங்கே மழையோ என்று கேட்டார்.