எட்டாத உயரத்தில் ஒரு மாடம்

கட்டடம் வரைகிறவன் பெயர், கூரை ஒழுகும்போது மட்டும்தான் ஊருக்கு ஞாபகம் வரும். இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தில்லி துவாரகாவில் தமிழ்க் கத்தோலிக்கர்கள் கட்டிய அந்தோனியார் கோயிலுக்கு நான்தான் ஆர்க்கிடெக்ட். ஒருவராவது அண்ணாந்து பார்த்து, "யார் வரைஞ்சது?" என்று கேட்க மாட்டாரா என்று ஏங்கியவன்.

முதல் கூட்டம்

படங்களை மேஜையில் விரித்தேன். எண்கோண மண்டபம். அந்தோனியார் கையில் இருக்கும் லீலி மலரின் வடிவத்தில் ஜன்னல்கள். பீடத்துக்குப் பின்னால் பன்னிரண்டடி உயரத்தில் ஒரு மாடம். புனிதரின் எலும்புத் துணுக்கு, அவர்கள் திருப்பண்டம் என்கிறார்களே, அது அங்கேதான் இருக்கும். செவ்வாய் மாலை நவநாள் ஜெப நேரத்தில் வெயில் சரியாக அதன்மேல் விழும்.

பங்குப் பேரவைச் செயலாளர் ஆரோக்கியமேரி அம்மா தூத்துக்குடிக்காரர், மத்திய அரசில் ஓய்வு பெற்றவர். பொறுமையாக எல்லாவற்றையும் பார்த்துவிட்டுக் கேட்டார்: "எல்லாம் சரி சார், திருப்பண்டத்துக்குப் பெட்டி யாரு செய்யப் போறா?"

தச்சர்

பெட்டி வேலை நஜஃப்கட் பக்கத்துத் தச்சர் ராஜ்பீருக்குப் போனது. படம் கிடம் எதுவும் கிடையாது. ஒரு செவ்வாய்க்கிழமை, அதுவரை பூசை நடந்துவந்த பழைய ஹாலில் போய் உட்கார்ந்துகொண்டு, ஜனங்கள் திருப்பண்டத்தின் கண்ணாடியில் கைக்குட்டையை ஒற்றிக் கண்ணில் வைத்துக்கொள்வதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நாலு பேரைக் கையை நீட்டச் சொல்லி அளவெடுத்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. "பெட்டியை மட்டும் பாருங்க, பையா" என்று அண்ணன் முறை வைத்து அனுப்பி வைத்தேன். வாசல் வரை போனவர் திரும்பி நின்று இந்தியில் கேட்டார்: "சாப்ஜி, அவ்வளவு உயரத்துல வச்சா இவங்க கை எங்கே போகும்?"

அர்ச்சிப்பு நாள்

ஆயர் புதுக் கோயிலை மந்திரித்ததும், பெட்டி என் மாடத்தில் ஏறியது. வெயில் சொன்ன நேரத்துக்கு வந்து விழுந்தது. நான் பூரித்துப் போனேன். கீழே கூட்டம் கைக்குட்டையும் கையுமாகத் திகைத்து நின்றது. ஒருவர் செல்ஃபி ஸ்டிக்கில் கைக்குட்டையைக் கட்டி நீட்டிப் பார்த்தார். இன்னும் இரண்டடி வேண்டியிருந்தது.

கடைசியில் பங்குச் சாமியார் ஏணி போட்டுப் பெட்டியை இறக்கினார். எங்கே வைப்பது? முழங்கை உயரத்துக்கு ஒரு ஸ்டாண்டைச் செய்து டெம்போவிலேயே வைத்திருந்தார் ராஜ்பீர்! எல்லோரும் பெட்டியைத் தடவித் தடவிப் பாராட்டினார்கள். நான் மட்டும் அண்ணாந்து மாடத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஆரோக்கியமேரி அம்மா என் பக்கத்தில் வந்து ஆறுதல் சொன்னார்: "மனசுல வச்சுக்கிடாதீங்க சார், அந்த மாடத்துல ஸ்பீக்கர் வச்சுக்கிடலாம்."

செவ்வாய்க்கிழமை

இப்போதும் நான் செவ்வாய் தவறாமல் போகிறேன். பக்தி என்று நினைத்துவிட வேண்டாம், பெட்டியில் குறை கண்டுபிடிக்கத்தான். போன வாரம் வரிசையில் நின்று இணைப்புகளை விரலால் தடவிப் பார்த்தேன். மயிரிழை இடைவெளி இல்லை. விளிம்பை அவர் இழைத்திருந்த விதத்தில் கை தானாக அங்கேயே தங்கிவிட்டது. 'அந்தோனியாரே, ஒரே ஒரு மூட்டாவது விட்டுப்போகட்டும்' என்று கண்ணை மூடி வேண்டிக்கொண்டேன். தொலைந்த பொருளைத் தேடித் தருகிறவர் என்றுதான் எல்லோரும் அவரிடம் வருகிறார்கள். பின்னால் நின்ற பெண்ணுக்குப் பொறுமை போய்விட்டது: "ஜல்தி பையா! இவ்ளோ நேரமா பிடிச்சுக்கிட்டு நிக்கிறீங்களே, அப்படி எதைத் தொலைச்சீங்க?"

மேலே கைகாட்டியிருக்கலாம்தான், ஆனால் அங்கே இப்போது ஸ்பீக்கர் அல்லவா உட்கார்ந்திருக்கிறது.