மூன்றாம் லெவலுக்கு அம்மா சொன்ன சம்மதம்

சியர்லீடிங் என்றால் கிரிக்கெட் மைதானத்தில் நாலு ரன்னுக்கு ஒருமுறை எழுந்து ஆடுவது என்று நினைப்பவர்களுக்கு விளக்கம் சொல்வதை எப்போதோ விட்டுவிட்டேன். அப்படி நினைக்கிறவர் யாராவது வந்து என்னைத் தலைக்கு மேலே தூக்கி, நான் ஒற்றைக்காலில் நின்று முடிக்கும்வரை கை நடுங்காமல் பிடித்துக் காட்டட்டும். அப்புறம் பேசலாம்.

பதினேழு வயதில் நான் கண்டி டவுனில் ஒரு வீட்டில் தங்கி உயர்தர வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். லீவுக்குப் பன்வில பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான எங்கள் லயத்துக்குப் போவேன். டவுனில் ஒரு சியர்லீடிங் கழகத்தில் பயிற்சி. பழைய மண்டபம், ஓடும்போது விலகிப் போகிற மெத்தைகள், அவ்வளவுதான் வசதி. இரண்டு வருடமாக நான் இரண்டாம் லெவலிலேயே கிடந்தேன். அதில் பின்பக்கம் பாயும்போது கையைத் தரையில் ஊன்றிக்கொள்ளலாம். மூன்றாம் லெவலுக்குப் போக வேண்டுமென்றால் கை படாமல் காற்றிலேயே சுழன்று காலில் வந்து நிற்க வேண்டும். கொழும்பில் போட்டிக்குப் போவது மூன்றாம் லெவல் அணிதான். மறுவருடம் உயர்தரப் பரீட்சை என்பதால், இந்த வருட லெவல் தேர்வை விட்டால் எனக்கு வேறு வாய்ப்புக் கிடையாது.

அப்பா கொழும்பில் கடையில் வேலை செய்தார். வீட்டில் அம்மா ஆட்சி. அணிப் பெண்கள் தூக்கிப் பிடிக்க நான் மேலே நிற்கிற வீடியோ ஒன்று எப்படியோ லயத்துக்கு வந்து சேர்ந்து, அடுத்த வீட்டு போனில் அம்மாவும் பார்த்துவிட்டார். போதாக்குறைக்கு அதற்கு முந்தின மாதம்தான் விழுந்து மணிக்கட்டைச் சுளுக்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருந்தேன்.

"கழுத்து முறிஞ்சா யாரு பாக்கிறது? கீழ நிக்கிறதுங்க யாரு பெத்த புள்ளைங்களோ," என்றார்.

கழகத்தில் ஒரு சட்டம் இருந்தது. பதினெட்டு வயது ஆகாதவர்களுக்கு லெவல் தேர்வு நடக்கும்போது அம்மாவோ அப்பாவோ பக்கத்தில் இருந்து பார்த்துச் சம்மதம் சொல்ல வேண்டும். சனிக்கிழமை தேர்வுக்கு வரச் சொல்லி அம்மாவைக் கேட்டேன். அவர் வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. வருவார் என்றே நான் நம்பினேன்.

நான் லீவுக்கு லயத்தில் இருந்தேன். தேர்வுக்கு முந்தின நாள், வெள்ளிக்கிழமை மாலை, தோட்டத்து மாரியம்மன் கோவிலில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டினார்கள். எங்கள் தோட்டத்தில், கையில் மஞ்சள் கயிறு ஏறிவிட்டால் திருவிழா முடியும்வரை எல்லையைத் தாண்டக் கூடாது. தப்பு முழங்கிக்கொண்டிருந்தது. கூட்டத்தில் நின்ற என் முழங்கையைப் பிடித்து அம்மா முன்னால் தள்ளினார்.

"இந்த வருசம் எம் மக பால்குடம் எடுக்கிறா. கட்டுங்க சாமி."

எனக்குத் தலைக்குள் ஏதோ வெடித்தது. எவ்வளவு கெட்டிக்காரத்தனம்! அடித்துத் தடுத்தால் நான் ஓடிவிடுவேன் என்று தெரிந்து, அம்மனை வைத்துக் கட்டிப்போடப் பார்க்கிறார். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன்.

"நான் நேந்துக்கல. எனக்கு வேணாம்," என்றேன். தப்பையும் மீறி அது எல்லாருக்கும் கேட்டது.

பூசாரி கயிற்றைத் திரும்பத் தட்டில் வைத்தார். "புள்ளைக்கு மனசில்லாட்டி நான் கட்ட மாட்டேம்மா," என்றார். இவ்வளவு நியாயமான மனிதரை அதுவரை நான் கவனிக்காமல் இருந்திருக்கிறேன்.

அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு தன் கையை நீட்டினார். "அப்ப எனக்குக் கட்டுங்க."

மறுநாள் காலையில் தேத்தண்ணியை நீட்டிக்கொண்டே, "நான் என்ன செய்ய, எல்லையத் தாண்டக் கூடாதே," என்றார். முகத்தில் பச்சைக் குழந்தையின் அப்பாவித்தனம். நான் தேத்தண்ணியைத் தொடாமல் போய்ப் பஸ் ஏறினேன். வத்துகாமம் தாண்டும்வரை அழுதேன். கோபத்தில்தான்.

மண்டபத்தில் பயிற்றுவிக்கிற மிஸ் என் பின்னால் எட்டிப் பார்த்தார். சிங்களத்தில்தான் பேசுவார். "அம்மா நெத்துவ பே துவே," என்றார். அம்மா இல்லாமல் முடியாது, மகளே. எனக்கும் தெரியும். ஆனால் திரும்பிப் போக நான் வரவில்லை. ஒரு கதிரையை இழுத்து மெத்தைக்கு முன்னால் போட்டு, போனை அதில் சாய்த்து வைத்து, அடுத்த வீட்டு போனுக்கு வீடியோ அழைப்பு எடுத்து அம்மாவைக் கேட்டேன். திரை முழுக்க அம்மாவின் காது தெரிந்தது.

"என்னடி, விழுந்துட்டியா?"

"இன்னும் இல்ல. போனக் காதுலருந்து எடுத்து மொகத்துக்கு நேரா புடிங்க. காப்புக் கட்டுனவங்கதான் எல்லையத் தாண்டக் கூடாது. கண்ணு தாண்டலாம்."

மிஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு, சரி ஓடு என்று கையைக் காட்டினார். ஓடினேன். வேகத்துக்கு ஒருமுறை கையூன்றித் திரும்பினேன், பிறகு கை படாமல் பின்பக்கமாக எழும்பினேன், முழங்கால்களை நெஞ்சோடு இழுத்துக்கொண்டேன். மண்டபம் தலைகீழாகச் சுற்றியது. கால்கள் தரையில் பட்டபோது ஒன்று பின்னுக்குச் சறுக்கியது, ஆனாலும் விழவில்லை. மிஸ் "ஹரி, ஹரி" என்று சிங்களத்தில் சரி சொல்லிக் கைதட்டிவிட்டு, போன் பக்கம் குனிந்து தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார்: "அம்மா, மகள் மூணு போக, சரியா?"

வேண்டாம் என்று ஒரு சொல் வந்தால் எல்லாம் முடிந்தது. அந்தப் பக்கம் தப்புச் சத்தம் மட்டும் கேட்டது.

"ஒரு காலு பின்னுக்குப் போயிருச்சே மிஸ்," என்றார் அம்மா. "இன்னொருக்கா செய்யச் சொல்லுங்க."

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமில்லை. யாரைக் கேட்டுக் குறை சொல்கிறார்? மறுபடி ஓடினேன். இந்தமுறை இரண்டு பாதமும் ஒன்றாக வந்து நின்றன, அசையவேயில்லை. மூச்சு வாங்க போனை எடுத்தேன்.

"இப்ப?"

"இப்ப சரி." பிறகு, "பயமா இல்லையாடி?" என்றார்.

"பயமாத்தான் இருக்கு." அதுவரை யாரிடமும் அதை நான் சொன்னதில்லை.

"எனக்கும்தான். மிஸ்கிட்ட குடு."

கொடுத்தேன். "எம் புள்ளய மூணுல போட்டுக்குங்க," என்றார் அம்மா. "கீழ நின்னு புடிக்கப் போறவங்க யாருன்னு மட்டும் எனக்குக் காட்டுங்க."

மெத்தையோரம் நின்ற அணிப் பெண்களில் ஒவ்வொருத்தியின் முகத்துக்கு நேராகவும் மிஸ் போனைக் கொண்டுபோனார். ஒருத்தியும் சிரிக்கவில்லை. அம்மா பார்த்து முடிக்கும்வரை நிமிர்ந்து நின்றார்கள்.