அக்கா சமையலறைக்குப் பச்சை வெளிச்சம்

முப்பத்தொரு படங்களில் பதினேழு பிணங்களுக்கு வெளிச்சம் போட்டவர் அவர். படப்பிடிப்பில் எல்லோருக்கும் 'பல்பு அண்ணன்'. எந்தப் பக்கம் விளக்கு வைத்தால் பார்ப்பவனுக்குத் தொண்டை அடைக்கும், எங்கே வைத்தால் குமட்டும் என்பதெல்லாம் அத்துப்படி.

பதினெட்டாவது பிணம் கிடப்பதற்கு இயக்குநர் ஒரு சமையலறை தேடினார். பல்பு அண்ணன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் தன் அக்கா வீட்டைச் சொல்லித் தொலைத்தார்.

அந்தச் சமையலறையிலிருந்துதான் அக்கா தினமும் இருபத்திரண்டு பேருக்கு மதியச் சாப்பாடு கட்டிக் கொடுக்கிறாள். அதுதான் பிழைப்பு. வாங்க வருகிறவர்கள் ஜன்னலில் நிற்பார்கள். எதிரே நீல மீன் போட்ட டைல்ஸ் சுவர் தெரியும். படம் பிடிக்க வருகிறார்கள் என்றதும் இரண்டு நாள் அந்தச் சுவரைத் தேய் தேய் என்று தேய்த்து வைத்திருந்தாள்.

"கண்ணாடி மாதிரி இருக்கேம்மா," என்று முகம் சுளித்தார் இயக்குநர். "பார்த்தா வாந்தி வரணும். பண்ணிடுவீங்களாண்ணே?"

"பத்து நிமிஷம் குடுங்க சார்."

கூரை விளக்கை அணைத்தார். ஒரே ஒரு விளக்கைத் தரையோடு தரையாகச் சுவரை ஒட்டிச் சாய்த்து, அதன் முகத்தில் அழுக்குப் பச்சைத் தாளைக் கட்டினார். சுவரின் சின்னச் சின்ன மேடு பள்ளமெல்லாம் நிழல் விழுந்து சொறி போலக் கிளம்பின. அக்கா தேய்த்த பளபளப்புதான் கொடுமை. அந்தப் பச்சையில் அது வருடக்கணக்காகப் படிந்த எண்ணெய்ப் பிசுக்காக வழிந்தது. தேய்க்காமலே விட்டிருந்தால்கூட இவ்வளவு நாறியிருக்காது.

எடுத்து முடித்ததும் மானிட்டரைப் பார்த்த இயக்குநர், "உவ்வே! சூப்பர்ணே!" என்று கைதட்டினார். பல்பு அண்ணனுக்கு உச்சி குளிர்ந்தது. அப்படிக் குளிர்ந்ததை நினைத்துத்தான் பிற்பாடு தன்மேலேயே அவருக்கு அருவருப்பு.

அன்று எல்லோருக்கும் சாப்பாடு அக்கா கையால்தான். காலையில் அவள் அரிசி களைந்ததையும் காய் கழுவியதையும் கூடத்தில் உட்கார்ந்து பார்த்தவர்கள்தான் அத்தனை பேரும். ஆனாலும் பிணமாக நடித்தவன் தட்டைத் தள்ளினான். "வயிறு சரியில்லக்கா." மேக்கப்காரர் டயட் என்றார். இயக்குநர் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தார்.

"சோறு என்னய்யா பாவம் பண்ணிச்சு?" என்று எகிறிய பல்பு அண்ணன், எல்லோரையும் முறைத்தபடி ஒரு பிடி அள்ளி வாயில் போட்டார். அந்தப் பச்சை கண்ணில் வந்து நின்றது. மென்றார். உள்ளே இறங்கவில்லை. பின்பக்கம் ஓடித் துப்பினார்.

திரும்பினால், கரண்டியோடு அக்கா.

"ஏன்டா, உனக்கும் வயிறு சரியில்லியா?"

அவர் நேரே இயக்குநரிடம் போனார். "சார், மீன் தெரியாம இன்னொரு தடவை எடுத்துடலாம். சுவரை இருட்டாக்கித் தர்றேன்."

"மீன்தாண்ணே அழகே! போஸ்டரே அதுதான்."

அதைக் கேட்ட அக்கா கரண்டியைக் கழுவி மாட்டினாள். கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள்.

"கொத்தனாரே, நாளைக்கு வந்துடுங்க. சுவத்துல ஒரு மீன்கூட மிஞ்சக் கூடாது."

மறுநாள் எட்டு மணிக்கு உடைக்கத் தொடங்கினார்கள். ஒரு வாரம் சாப்பாடு கிடையாது என்று ஜன்னலில் அட்டை தொங்கியது.