மிஷினுக்கு ஏற்றிய குளுக்கோஸ்

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவள் நான். இன்று காட்டுப்பாக்கத்தில் ஒன்று, சேக்காட்டில் ஒன்று, நெமிலிச்சேரி ஸ்டேஷன் பக்கம் ஒன்று என்று மூன்று போட்டோ கடைகள் என் பெயரில் ஓடுகின்றன. கம்பெனி மெக்கானிக் உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போன பிரிண்டரைக் கூட, அது ஓடுகிற சத்தத்தைக் கேட்டே என்ன கோளாறு என்று சொல்லிவிடுவேன். பெருமைக்குச் சொல்லவில்லை. சொன்னால் பெருமையாக இருக்கிறது, அதற்கு நான் என்ன செய்ய? ஆனால் இந்தத் தொழிலில் முதல் பாடத்தை நான் நடுங்கிக்கொண்டுதான் படித்தேன். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது.

மே மாத லீவுக்கு மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். சேக்காட்டில் முன்னறையில் ஸ்டுடியோ, பின்னால் குடித்தனம். மாமா அந்த வருஷம்தான் ஆறு கலர் போட்டோ பிரிண்டர் ஒன்றை வாங்கியிருந்தார். அது படம் போட்ட அழகு பெரிது, மை குடித்த வேகம் அதைவிடப் பெரிது. கார்ட்ரிட்ஜ் என்கிற அந்தத் தீப்பெட்டி அளவு டப்பா, நாலு கல்யாண ஆல்பத்துக்குள் காலியாகிவிடும். யாரோ எங்கேயோ வெளியிலிருந்து குழாய் போட்டு மை ஊட்டுகிறார்கள் என்று மாமா காதில் விழுந்தது. எப்படி என்று சொல்ல ஆளில்லை. நாமே செய்வோம் என்று இறங்கிவிட்டார்.

மெடிக்கல் ஷாப்பில் போய் குளுக்கோஸ் ஏற்றுகிற டியூப் ஆறு செட் கேட்டாராம். வீட்டில் யாருக்கு என்ன என்று கடைக்காரர் பதறிப்போனாராம். இருமல் மருந்து பாட்டில் ஆறைக் கழுவி, மூடியில் ஓட்டை போட்டு, கலர் கலராக மை ஊற்றினார். கார்ட்ரிட்ஜின் தலையில் பழுக்கக் காய்ச்சிய ஊசியால் துளை போட்டு, டியூபைச் செருகி, எம்சீல் வைத்து அடைத்தார். பாட்டில்களை ஒரு பலகையில் வரிசையாக ஒட்டி, டேபிள்மேல் மிஷினுக்குப் பக்கத்திலேயே வைத்தார்.

அத்தை எட்டிப் பார்த்தார். "இன்னாய்யா, மிஷினுக்கு ஜொரமா? குளுக்கோஸ் ஏத்திக்கினு கீறே?"

"நீ போமே அந்தாண்ட. நாளைக்கு ஆவடி பூரா இதைப் பாக்க நம்ம ஊட்டு வாசல்ல நிக்கும்."

அந்த மிஷினில் போட வேண்டிய முதல் பெரிய படம், இறந்துபோன ஒருவருடையது. பட்டாபிராம் பக்கத்து அம்மா ஒருவர் கொண்டுவந்து கொடுத்தது. அவர் வீட்டுக்காரர் அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனி ஒன்றில் லேத் மிஷின் ஓட்டியவர். மறுநாள் பதினாறாம் நாள் காரியம், மாலை போட்டு வைக்கப் பெரிய படம் வேண்டும். வீட்டில் இருந்தது ஒரே ஒரு போட்டோ. கம்பெனி கேட் பாஸிலிருந்து பிரித்தெடுத்தது, கட்டைவிரல் அளவு, தோளில் கம்பெனி ரவுண்டு சீலின் பாதி. "வேற இல்லண்ணே, பத்திரம்" என்று மூன்று தடவை சொல்லிவிட்டுப் போனார். மாமா அதை ஸ்கேன் பண்ணி, சீலை அழித்து, மனுஷனுக்குக் கோட்டு போட்டு, பின்னால் நீலத் திரையும் போட்டுவிட்டார். அந்த அம்மா நாலு மணிக்கு வருவதாகப் பேச்சு.

மத்தியானம் மாமா பிரேம் வாங்க ஆவடி மார்க்கெட்டுக்குக் கிளம்பினார். "எதையும் தொடாத கண்ணு. பாத்துக்கினு மட்டும் இரு."

அவர் வண்டிச் சத்தம் மறைந்ததும், அவர் எடுத்துப் போட்டிருந்த சாம்பிள் பிரிண்டைப் பார்த்தேன். மஞ்சள் சரியாக இறங்கவில்லை. முகம் ஊதா பூத்துக் கிடந்தது. எனக்கு அதற்கு முந்தைய வருஷம் மஞ்சள் காமாலை வந்து பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். குளுக்கோஸ் சரியாக இறங்காவிட்டால் நர்ஸம்மா பாட்டிலை இன்னும் மேலே தூக்கி மாட்டுவார். அவ்வளவுதானே விஷயம்! பாட்டில் பலகையைத் தூக்கிப் பக்கத்திலிருந்த பீரோமேல் வைத்தேன். ஒரு சாம்பிள் போட்டேன். முகம் அசல் மனுஷ முகமாக வந்து விழுந்தது. மாமாவுக்கே தெரியாததை நான் கண்டுபிடித்துவிட்டேன் என்று தலைகால் புரியாமல் உள்ளே போய், கருவாட்டுக் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டேன்.

திரும்பி வந்தபோது சொட்டுச் சொட்டென்று சத்தம் கேட்டது.

மிஷினின் அடியிலிருந்து மை வந்துகொண்டிருந்தது. சிவப்பும் நீலமும் கலந்து டேபிள் முழுக்கப் பரவி, விளிம்பில் வழிந்து தரையில் விழுந்தது. பாட்டில்கள் பாதிக்குமேல் காலி. உயரத்தில் இருக்கிற மை, யாரும் கேட்காமலே கீழே இறங்கிக்கொண்டே இருக்கும். பாட்டிலும் மிஷினும் ஒரே மட்டத்தில்தான் உட்கார வேண்டும். இதை இன்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அன்று தெரிந்ததெல்லாம், அந்த மையின் நடுவில் ஊறிக்கிடந்த சின்ன கவர் மட்டும்தான். அதற்குள்தான் அந்தப் போட்டோ.

 முதலில் பலகையை இறக்கிப் பழைய இடத்தில் வைத்தேன். பிறகு போட்டோவை எடுத்துக்கொண்டு புழக்கடைக் குழாய்க்கு ஓடினேன். முகமெல்லாம் சிவப்பு. தண்ணீரில் காட்டினேன், போகவில்லை. துணி சோப்பைப் போட்டுப் பாவாடை நுனியால் தேய்த்தேன். அப்போது அந்தப் போட்டோவின் மேல்தோல், பாலாடை மாதிரி, சுருண்டு என் விரலோடு வந்துவிட்டது. நெற்றி போனது. கண் போனது. வெள்ளைக் காகிதம் என்னைப் பார்த்தது. மை வெறும் கறைதான் போட்டது. அந்த மனுஷனின் முகத்தை எடுத்தது என் கை. செத்தவர் என்னைச் சும்மா விடமாட்டார் என்று தோன்றியது. முதுகுக்குப் பின்னால் யாரோ நிற்கிற மாதிரி இருந்தது. திரும்பிப் பார்க்கத் தைரியமில்லாமல் ஓடிவந்து அதைக் கவருக்குள் திணித்து, மையிலேயே போட்டுவிட்டேன்.

மாமா வந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "நான் வச்ச எம்சீலுதான் புட்டுக்கிச்சு. என் புத்தியச் செருப்பால அடிக்கணும்." நானும் அவரோடு சேர்ந்து டேபிளைத் துடைத்தேன். கவரைப் பிரித்துப் பார்த்தவர், மை முகத்தைத் தின்றுவிட்டது என்று நம்பினார். ஸ்கேன் கம்ப்யூட்டரில் இருந்ததால் சி.டி.யில் ஏற்றி, அம்பத்தூரில் தெரிந்த ஸ்டுடியோவுக்குப் பறந்து போய்ப் பெரிய படத்தைப் போட்டு வாங்கிவந்தார். அவர் பிரேமில் ஆணி அடிக்கும்போதே அந்த அம்மா வாசலில் செருப்பைக் கழற்றினார்.

நான் உள்கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். 

பெரிய படத்தை அந்த அம்மா பார்த்தார். "நல்லா கீதுண்ணே." உடனே, "அந்தச் சின்னது?" என்றார்.

"இம்மாம் பெருசு கீதே தாயி. சின்னது எதுக்கு?"

"கோட்டு போட்டவரு யாரோ மாதிரி கீறாருண்ணே. அது தெனமும் அவரு சட்டைப் பையில கெடந்தது. அதக் குடு."

மாமா மிஷின், குழாய், மை என்று ஏதோ குழறிக்கொண்டே கவரை நீட்டினார். அந்த அம்மா போட்டோவை வெளியே எடுத்தார். முகம் இருந்த இடத்தில் ஒன்றுமில்லை. தேய்த்த கோடுகள் மட்டும் இருந்தன. தோளில் அந்தப் பாதி சீல் அப்படியே இருந்தது. கட்டைவிரலால் அந்த இடத்தைத் தடவினார். இப்போது ஓலமிடப் போகிறார், தெரு கூடப் போகிறது, மாமா என்னைக் கொல்லப் போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். சத்தமே இல்லை. கண்ணைத் திறந்தால், நிலையைப் பிடித்திருந்த என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நகக்கண்ணெல்லாம் சிவப்பு. விரல் நுனியில் சுருண்டு காய்ந்த தோல் கூட ஒட்டியிருந்திருக்கும். கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தேன்.

"கையக் கழுவிக்கோ பாப்பா," என்றார். "சோத்துல பட்டுடப் போவுது."

சின்னதை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டார். பெரியதை இடுக்கிக்கொண்டு வெயிலில் இறங்கி நடந்தார்.

அவர் தெருமுனை திரும்புகிற வரை பார்த்துக்கொண்டிருந்தேன். முகமே இல்லாத காகிதத்தை எதற்கு இவ்வளவு பத்திரமாக எடுத்துப் போகிறார், பாவம், கொஞ்சம் விவரம் போதாதவர் போலிருக்கிறது என்று நினைத்தேன். அவர் ஒன்றையும் கண்டுபிடிக்கவில்லை, நான் கெட்டிக்காரத்தனமாகத் தப்பித்துவிட்டேன் என்றும் நினைத்தேன். அத்தை அப்போதுதான் வடை சுட்டு எடுத்துவந்தார். பயம் போன பசியில், கழுவாத அந்தக் கையாலேயே நாலு வடை தின்றேன்.